அமைச்சர் மகளுக்கு நீட்டிய பர்கர்: பிரிட்டன் அரசு பொய் சொன்னதா, தன்னையே நம்பிக்கொண்டதா?

கணக்கன்:
நேற்று தூக்கம் வராமல் பழைய செய்திக் காணொளிகளை உருட்டிக்கொண்டிருந்தபோது அது மறுபடி கண்ணில் பட்டது. 1990 மே மாதம், இப்ஸ்விச்சில் ஒரு படகுக் கண்காட்சி. பிரிட்டன் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்களுக்கு முன்னால் நின்று தன் 4 வயது மகளிடம் மாட்டிறைச்சி பர்கரை நீட்டுகிறார். என் பிள்ளைக்கே கொடுக்கிறேன், உங்களுக்கு என்ன பயம் என்று அர்த்தம். ஆறு வருடம் கழித்து, 1996 மார்ச் 20 அன்று, அதே கட்சி அரசின் சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, இளவயதினர் 10 பேருக்கு வந்திருக்கும் புதுவகை மூளை நோய்க்கு பி.எஸ்.இ. பெரும்பாலும் காரணமாக இருக்கக்கூடும் என்று அறிவித்தார். பி.எஸ்.இ. என்றால் நம் பத்திரிகைகள் 'மேட் கவ்' என்று எழுதியதே, அதுதான்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அரசு பொய் சொல்லிவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பொய் சொன்னவனுக்கு உண்மை தெரியும், அதனால் ரகசியமாகவாவது ஜாக்கிரதையாக இருப்பான். இவர்கள் ஆபத்தில்லை என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லித் தாங்களே நம்பிவிட்டார்கள், அதனால் தாங்கள் போட்ட நல்ல சட்டங்களையே காவல் காக்காமல் விட்டார்கள். இதைத்தான் விவாதிக்க விரும்புகிறேன். மாட்டிறைச்சி சாப்பிடலாமா கூடாதா என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, தயவுசெய்து அங்கே போங்கள்.

சும்மா_ஒருவன்:
அதற்கு முன் ஒரு சந்தேகம். மாட்டுக்கு மாட்டையே தீவனமாகப் போட்டார்களாமே, நிஜமா? பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு தவிர வேறு தெரியாத ஊர்க்காரன் கேட்கிறேன்.

மாட்டுடாக்டர்:
நிஜம்தான். வெட்டுக்கூடத்தில் மிஞ்சும் எலும்பு, குடல், கொழுப்பு எல்லாவற்றையும் பெரிய ஆலைகளில் வேகவைத்துக் கொழுப்பைத் தனியாகப் பிரித்துவிட்டு, மீதியைக் காயவைத்து அரைத்தால் இறைச்சி எலும்புத் தூள் கிடைக்கும். புரதம் நிறைய, விலை மலிவு. பால் மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் கலப்புத் தீவனத்தில் அதைச் சேர்த்தார்கள். இப்படி ஒரு சுழற்சி உண்டானதும், ஒரு நோயுற்ற மாட்டின் மூளை பல ஊர்க் கன்றுகளின் வாய்க்குப் போக வழி பிறந்துவிட்டது.

இந்த நோயின் காரணி பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. பிரியான் என்கிற, தவறாக மடிந்த ஒரு புரதம். சாதாரணச் சமையல் சூடு அதை ஒன்றும் செய்யாது. உடம்பில் புகுந்து வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, நாலைந்து வயதில் மாடு திடீரென்று தடுமாறும், மிரளும், உதைக்கும், விழும். கோமாரி என்றால் சில நாளில் வாயிலும் குளம்பிலும் தெரிந்துவிடும், மருத்துவனுக்கு அது ஒரு வசதி. இதில் அந்த வசதியே கிடையாது. வெட்டுக்கு வருகிற மாடு பார்வைக்குத் திடமாக இருக்கும், உள்ளே நோய் முற்றிக்கொண்டிருக்கும்.

1986 நவம்பரில் அவர்களின் கால்நடை ஆய்வகம் இதை அடையாளம் கண்டது. 1988 ஜூலை 18 முதல், அசைபோடும் விலங்குகளின் எச்சத்தை அசைபோடும் விலங்குகளுக்குப் போடக்கூடாது என்று தடை வந்தது. நியாயமாகப் பார்த்தால், வேகமாகச் செய்த காரியம் அது.

சும்மா_ஒருவன்:
தடை 88லேயே வந்துவிட்டதென்றால் அப்புறம் எப்படி இவ்வளவு மாடு?

மாட்டுடாக்டர்:
அங்கேதான் விஷயம் இருக்கிறது. தடையை அறிவித்ததிலிருந்து அமலுக்கு வரும்வரை சுமார் ஐந்து வாரம் அவகாசம் கொடுத்தார்கள், இருக்கும் சரக்கை விற்றுத் தீர்க்க. விற்பவர் ஐந்து வாரத்தில் தீர்த்தாலும் வாங்கியவர் கொட்டகையில் அது மாதக்கணக்கில் கிடக்கும். அது கூடச் சின்னத் தப்பு. பெரிய தப்பு, பன்றிக்கும் கோழிக்கும் அந்தத் தூளைத் தொடர்ந்து போட அனுமதித்தது. ஒரே ஆலை, ஒரே அரவை இயந்திரம், ஒரே குழாய். காலையில் கோழித் தீவனம் ஓட்டிவிட்டு மதியம் மாட்டுத் தீவனம் ஓட்டினால் குழாயில் ஒட்டியிருப்பது எங்கே போகும்? ஒரு மிளகு அளவு நோய்ப்பொருள் ஒரு மாட்டுக்குப் போதும் என்று பின்னால்தான் தெரிந்தது. தடை வந்த பிறகு பிறந்த மாடுகளில் மட்டும் 40,000க்கு மேல் நோய் வந்தது. 1992-93 வாக்கில் வாரத்துக்கு ஆயிரம் என்ற கணக்கில் புது நோய்மாடுகள். பாலூட்டிகளின் இறைச்சி எலும்புத் தூளை எந்தப் பண்ணை விலங்குக்கும் போடக்கூடாது என்ற முழுத்தடை 1996ல்தான் வந்தது.

கணக்கன்:
நான் சொல்ல வந்ததற்கு டாக்டர் பாதை போட்டுக் கொடுத்துவிட்டார். பி.எஸ்.இ.யால் என்ன ஆபத்து என்று பார்க்க அரசு அமைத்த சவுத்வுட் குழு என்று ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு விலங்கியல் பேராசிரியர் தலைமையில் நாலு பெரிய அறிஞர்கள், ஆனால் இந்த நோய்வகையைத் தொழிலாக ஆராய்ந்தவர் அதில் ஒருவரும் இல்லை. 1989 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. மொத்தம் 17,000 முதல் 20,000 மாடுகள் வரைதான் பாதிக்கும் என்று ஒரு மதிப்பீடு. முடிவில் 1,80,000ஐத் தாண்டியது. மனிதருக்கு ஆபத்து வெகுதூரம் என்று எழுதிய அதே கையோடு, எங்கள் கணிப்பு தப்பானால் விளைவு மிக மோசமாக இருக்கும் என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள். அமைச்சகம் முதல் வரியை ஏழு வருடம் ஓதியது, இரண்டாவது வரியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கிழக்குலண்டன்_மணியம்:
தம்பி கணக்கன், நான் 88 கடைசியில் இங்கே அகதியாக வந்து சேர்ந்தவன். 90ல் ஒரு பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவினேன். சில உள்ளூராட்சி சபைகள் பள்ளிச் சாப்பாட்டில் மாட்டிறைச்சியை நிறுத்திவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது, எங்கள் பள்ளியில் நிறுத்தவில்லை. சமையற்காரி ஒரு ஐரிஷ் அம்மா. மேலே இருந்து ஒரு தாள் வந்ததாம், ஒன்றும் பயமில்லை என்று. அவ அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டு, தன் பேரப்பிள்ளைக்கு மட்டும் வீட்டிலிருந்து கோழி சான்ட்விச் கட்டிக் கொடுத்து அனுப்புவா. அந்தத் தாளும் சான்ட்விச்சும்தான் எனக்கு இந்தக் கதை முழுக்க.

எங்கள் சனம் அநேகம் பேர் மாடு சாப்பிடாதவர்கள், அதனால் எங்களுக்கென்ன என்று இருந்துவிட்டோம். பிறகு பார்த்தால் ஜெலட்டின், பிஸ்கட், சூப் கட்டி என்று என்னென்னவோ பேசினார்கள், ஒரு மாதம் வீட்டில் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் திருப்பிப் படித்தோம்.

ஊர்சுற்றி:
சாப்பிட்டுக் காட்டும் அமைச்சர்கள் சங்கம் என்று ஒன்று ஆரம்பிக்கலாம் போல. ஜப்பானில் 2001 செப்டம்பரில் முதல் பி.எஸ்.இ. மாடு அகப்பட்டது, அக்டோபரில் வேளாண் அமைச்சரும் சுகாதார அமைச்சரும் பத்திரிகையாளர் முன்னால் மாட்டிறைச்சி சாப்பிட்டார்கள். பிரேசிலில் 2017 மார்ச் 17 அன்று, இறைச்சி ஆய்வாளர்கள் லஞ்சம் வாங்கிக்கொண்டு கெட்ட சரக்குக்குச் சான்று கொடுக்கிறார்கள் என்று கூட்டாட்சிப் போலீஸ் சோதனை நடத்தியது, இரண்டே நாளில் அதிபர் தெமர் வெளிநாட்டுத் தூதர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேக் கடையில் விருந்து வைத்தார். வயிற்றைக் காட்டி நம்பச் சொல்வது உலகம் முழுக்க ஒரே பழக்கம்.

கணக்கன்:
ஜப்பானை இந்தச் சங்கத்தில் சேர்க்காதீர்கள், சந்தா கட்டினாலும் வேண்டாம். அவர்கள் சாப்பிட்டது போதாதென்று, அதே அக்டோபர் 18 முதல் உணவுக்கு வெட்டும் ஒவ்வொரு மாட்டையும் சோதிக்க ஆரம்பித்தார்கள். ஒரு மாடு விடாமல். விஞ்ஞானப்படி இளம் மாட்டைச் சோதிப்பது வீண்செலவு என்று பலர் சொன்னார்கள், உண்மையும் கூட. ஆனாலும் வாயால் தைரியம் சொல்வதும் சோதனைச்சாலை திறப்பதும் ஒன்றா?

மாட்டுடாக்டர்:
கம்மரின் பர்கரைப் பற்றி யாரும் கவனிக்காத ஒன்று. அவர் ஒரு ஸ்டேக் துண்டை நீட்டியிருந்தால் கூட அறிவியல்படி ஓரளவு நியாயம் சொல்லலாம். தசையில் இந்தப் பிரியான் அநேகமாக இருக்காது. மூளை, தண்டுவடம், குடல், அடிநாக்குச் சதை (டான்சில்), இவைதான் விஷயம். 1989 நவம்பரில் இவற்றை மனிதர் உணவிலிருந்து விலக்கித் தடை போட்டார்கள், அது உயிர்களைக் காப்பாற்றிய சட்டம், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தசையை வெட்டியெடுத்த பிறகு முதுகெலும்பில் ஒட்டியிருக்கும் சதையை இயந்திரத்தால் அழுத்திப் பிழிந்து ஒரு கூழாக எடுப்பார்கள். அந்தக் கூழ் போன இடம் மலிவு பர்கர், தொத்திறைச்சி, இறைச்சி அடைத்துச் சுடும் 'பை' பண்டம். முதுகெலும்பைப் பிழிந்தால் தண்டுவடத் துணுக்கும் அதன் பக்கத்து நரம்பு முடிச்சுகளும் வராமல் இருக்குமா? மாட்டின் முதுகெலும்பிலிருந்து அப்படி எடுப்பதை 1995 டிசம்பரில்தான் நிறுத்தினார்கள். படகுக் கண்காட்சியில் விற்ற அந்தப் பர்கரில் என்ன இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாட்டு மக்களுக்குக் காட்ட அவர் தேர்ந்தெடுத்த பண்டம், இருக்கிற பண்டங்களிலேயே கொஞ்சம் யோசிக்க வேண்டிய பண்டம்.

சும்மா_ஒருவன்:
இதெல்லாம் தெரிந்தே செய்ததுதானே? விவசாயிகள் ஓட்டு, ஏற்றுமதிப் பணம். கணக்கன் சார் எதற்கு இவ்வளவு வளைத்து வளைத்து அவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறார்?

கணக்கன்:
வக்காலத்து இல்லை, குற்றப்பத்திரிகையைச் சரியாக எழுதச் சொல்கிறேன். ஆட்சி மாறிய பிறகு பிளேர் அரசு நியமித்த ஃபிலிப்ஸ் விசாரணையின் அறிக்கை 2000 அக்டோபரில் 16 தொகுதிகளாக வந்தது. அரசு பொதுமக்களிடம் பொய் சொல்லவில்லை, ஆபத்து வெகுதூரம் என்று உண்மையாகவே நம்பியது என்றுதான் அது சொன்னது. ஆனால் மக்கள் பதறிவிடக் கூடாது என்பதிலேயே புத்தி முழுக்க இருந்தது, ஆறுதல் சொல்லும் பிரசாரமே தவறு என்றும் சொன்னது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இதுதான்: மனிதருக்கு ஆபத்தே இல்லை என்று மேலே இருப்பவர் தினமும் சொன்னால், கீழே கத்தி பிடித்து நிற்பவன் தண்டுவடத்தை முழுசாக எடுக்க எதற்கு மெனக்கெடுவான்? தடை ஏதோ பேருக்குப் போட்டது என்றுதானே எடுத்துக்கொள்வான்?

டாக்டர், வெட்டுக்கூட நிலைமை உங்களுக்குத்தான் தெரியும்.

மாட்டுடாக்டர்:
தெரியும், ஆறு வருடம் ஆட்டுத்தொட்டியில் முத்திரை குத்தியிருக்கிறேன். விடிகாலை மூன்று மணி, தரை முழுக்கத் தண்ணீரும் ரத்தமும், வரிசையில் உடல்கள் தொங்கி நகர்ந்துகொண்டே இருக்கும், வியாபாரிகள் வெளியே வண்டியை ஓடவிட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒன்றை நிறுத்தித் திருப்பிப் பார்த்தால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் உங்களை முறைப்பார்கள். ஒரு நாள் ஒன்றை ஒதுக்கி வைத்ததற்கு, சார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டாமா என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. மேலிருந்து 'இது உயிர் விஷயம்' என்ற அழுத்தம் இருந்தால் மட்டும்தான் அங்கே ஒருவன் நிமிர்ந்து நிற்க முடியும்.

பிரிட்டனில் 1995 வரை இந்த ஆய்வு வேலை உள்ளூராட்சிகள் கையில் சிதறிக் கிடந்தது, அந்த ஏப்ரலில்தான் ஒரே தேசியச் சேவையாக்கினார்கள். அதே வருடம் கால்நடை அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய பாதி வெட்டுக்கூடங்களில் தடையை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. சில உடல்களில் தண்டுவடத் துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, மேலே 'உண்ணத் தகுந்தது' முத்திரையோடு. சட்டம் வந்து அப்போது ஆறு வருடம்.

ஊர்சுற்றி:
நஷ்டஈட்டை விட்டுவிட்டீர்களே. 1988 ஆகஸ்டில் நோய்மாட்டைக் கொல்ல உத்தரவு போட்டபோது விலையில் பாதிதான் கொடுத்தார்கள். கொஞ்சம் தள்ளாடும் மாட்டை அறிக்கை செய்தால் பாதிப் பணம், சந்தையில் தள்ளிவிட்டால் முழுப்பணம். 1990 பிப்ரவரியில்தான் முழு விலைக்கு உயர்த்தினார்கள். ஒன்றரை வருடம் விவசாயியின் மனசாட்சிக்குப் பாதி விலை போட்டிருந்தார்கள்.

சும்மா_ஒருவன்:
சரி, பொய் இல்லை, மெத்தனம். செத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கணக்கன்:
ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனில் மட்டும் இதுவரை 178 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். முதலில் மனச்சோர்வு என்று மருத்துவரிடம் போவார்கள், பிறகு நடை தடுமாறும், பிறகு பேச்சு, ஒரு வருடம் போல. 44 லட்சம் மாடுகளைக் கொன்று எரித்த கணக்கை எல்லாரும் சொல்வார்கள், இந்த 178ஐ மறந்துவிடுகிறார்கள்.

டப்ளின்_நர்ஸ்:
தாமதமாக வருகிறேன், நைட் டூட்டி. அரசு பயந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணம் நான் நேரில் பார்த்தது. 2008 டிசம்பர் 6, சனிக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் கூட இல்லை. அயர்லாந்து அரசு, செப்டம்பர் 1 முதல் தயாரான அத்தனை ஐரிஷ் பன்றி இறைச்சியையும் கடையிலிருந்து எடு, வீட்டில் இருப்பதைத் தூக்கிப்போடு என்று சொல்லிவிட்டது. இங்கே ஹாம் இல்லாத கிறிஸ்துமஸ் என்பது நம் ஊரில் கரும்பு இல்லாத பொங்கல் மாதிரி. ஞாயிறு காலை எங்கள் வார்டு கேன்டீனில் சாசேஜும் இல்லை, பேக்கனும் இல்லை. வயதான நோயாளிகள் முட்டையையும் தக்காளியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் தீவனம்தான், இங்கேயும். கார்லோ மாவட்டத்தில் மிச்ச ரொட்டி போன்ற உணவுக் கழிவைக் காயவைத்துத் தீவனமாக்கும் ஓர் ஆலையில், உலையில் எரித்த எண்ணெய் மாசுபட்டிருந்தது. அந்தப் புகையோடு டயாக்சின் வகை நச்சு தீவனத்தில் படிந்தது. பன்றிக் கொழுப்பில் அனுமதித்த அளவைப் போல 80 முதல் 200 மடங்கு. அந்தத் தீவனம் போனது சுமார் பத்துப் பன்றிப் பண்ணைக்குத்தான்.

சும்மா_ஒருவன்:
பத்துப் பண்ணைக்காக நாடு முழுக்கத் தூக்கிப்போட்டார்களா? இது பைத்தியக்காரத்தனம் இல்லையா அக்கா?

டப்ளின்_நர்ஸ்:
அப்போது நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் வெட்டிய பிறகு எந்தப் பண்ணைப் பன்றி எந்தப் பாக்கெட்டில் போனது என்று பதப்படுத்தும் ஆலைகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடும். பிரிக்க முடியாதென்றால் எல்லாவற்றையும் எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆலைகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின, அரசு சில நாளிலேயே 18 கோடி யூரோ வரை உதவித்தொகுப்பு அறிவித்து மறுபடி வெட்டத் தொடங்க வைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அந்த வாரமே, இந்தக் குறுகிய காலத்துக்குச் சாப்பிட்டவர்களுக்குப் பெரிய கவலை இல்லை என்று சொன்னது. கிறிஸ்துமஸுக்கு ஹாம் வந்துவிட்டது, புது முத்திரையோடு.

குறையும் உண்டு. அதே தீவனம் சில மாட்டுப் பண்ணைகளுக்கும் போயிருந்தது, அங்கே மாட்டிறைச்சியை மொத்தமாகத் திரும்பப் பெறவில்லை. அளவு குறைவு, பாதிப்பு சிறிய பங்கு என்றார்கள். ஏற்றுமதியில் மாட்டிறைச்சியின் எடை என்ன என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

கணக்கன்:
அக்கா, உங்கள் கடைசிப் பத்தி இல்லாவிட்டால் அயர்லாந்துக்கு ஆரத்தி எடுத்திருப்பேன். இருந்தாலும் ஒரு வித்தியாசம். அங்கே அறிவிப்பில் முன்னால் நின்றது உணவுப் பாதுகாப்புக்கென்றே 1999 முதல் இயங்கும் தனி ஆணையம். பிரிட்டனில் 2000 வரை, விவசாயியைக் காப்பதும் சாப்பிடுகிறவனைக் காப்பதும் ஒரே அமைச்சகம். ஒரு மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் வக்கீலாக இருந்தால் தினமும் அலுவலகத்துக்கு வருகிற கட்சிக்காரன்தான் ஜெயிப்பான். 2000 ஏப்ரலில்தான் தனி உணவுத் தர முகமை, அடுத்த வருடமே அந்தப் பழைய அமைச்சகத்தைக் கலைத்தார்கள். அதற்கு முன் 1996 மார்ச் 27 அன்று ஐரோப்பா போட்ட ஏற்றுமதித் தடை முழுதாக நீங்க 2006 ஆயிற்று. அயர்லாந்து ஒரு வாரம் அவமானப்பட்டது, இவர்கள் பத்து வருடம்.

மெல்பன்_கிளி:
இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். நான் 93 முதல் 95 வரை லண்டனில் படித்தேன், சைவம். ஆனால் இந்த நோய் ரத்தம் வழியாகவும் பரவலாம் என்ற பயத்தில், ஆஸ்திரேலியாவில் 1980-96 காலத்தில் பிரிட்டனில் மொத்தம் ஆறு மாதம் இருந்திருந்தால் ரத்தம் கொடுக்க முடியாது என்று விதி இருந்தது, சைவமா அசைவமா என்ற கேள்வியே கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் அலுவலக முகாமில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், நான் மட்டும் திரும்பி வருவேன். 2022 ஜூலையில் அந்த விதியை எடுத்தார்கள், அதே மாதம் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மணியம் அண்ணே, லண்டனிலேயே இருக்கும் உங்களுக்கு எப்படி?

கிழக்குலண்டன்_மணியம்:
இங்கே ஊரே பர்கர் தின்ற ஊர் தங்கச்சி, எல்லாரையும் விலக்கினால் யாரிடம் எடுப்பது. அதனால் ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் செய்யும் மருந்துகளுக்கு மட்டும் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் வெளிநாட்டுப் பிளாஸ்மாதான் வாங்கினார்கள். ஆனால் 1980க்குப் பிறகு ரத்தம் ஏற்றிக்கொண்டவர் கொடுக்கக்கூடாது என்று 2004ல் ஒரு விதி வந்தது. எனக்கு 93ல் ஒரு ஆபரேஷன், இரண்டு பை ஏற்றினார்கள், யாருடையதோ. ஆகவே இன்றைக்கும் முடியாது. மனிசி வருடத்துக்கு இரண்டு தரம் கொடுப்பா. நான் கூடப் போய், வெளியில் கதிரையில் இருந்து, அவவுக்குக் கொடுக்கிற பிஸ்கட்டில் பாதியைத் தின்றுவிட்டு வருவேன்.